பன்னிரண்டாம் பாத்தி மேல் என் கண்

பங்குனி பிறந்த நாலாம் நாள், புதன்கிழமை, முதல் ஷிப்டுக்காரர்கள் உள்ளே போய் மில் சங்கு ஊதி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில், நான் வயிறு எரிந்து பார்த்த பார்வையில், பக்கத்துப் பன்னிரண்டாம் பாத்தியில் அன்னபுஷ்பத்தின் புடலங்காய் ஒன்று என் கண்முன்னாலேயே ஒரு சாண் நீண்டது. காய் கோணாமல் வளர்வதற்காக அதன் நுனியில் அவள் கட்டித் தொங்கவிட்டிருந்த கூழாங்கல் தரையைத் தொட்டு, மண்ணில் உட்கார்ந்து, அதற்குமேல் இறங்க இடமில்லாமல் சாய்ந்தது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். பக்கத்துக் காயும் இறங்கியது.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. இவளுக்கு எல்லாம் இப்படித்தானே நடக்கும் என்று தோன்றியது, அப்படித் தோன்றியதில் வயிறு இன்னும் எரிந்தது, எரிந்ததில் மூன்றாவது காயும் நீண்டது.

எங்கள் மில் குவார்ட்டர்ஸில் வீடுகள் அறுபது, பாத்திகள் இருபத்துநாலுதான். பஞ்சு சேமித்துவைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால், முன்பு பேல் கட்டுகளை அடுக்கிவைத்த வெட்டவெளியைக் கொத்திப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, பத்து எட்டு நீளம், ஆறு எட்டு அகலம் என்று காலால் அளந்து, காத்திருக்கிறவர்களுக்கு வரிசைப்படி கொடுத்தார்கள். நான் ஆறு வருஷம் காத்திருந்து பதினொன்றாம் பாத்தியை வாங்கினேன். வாங்கிய அன்றைக்குச் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வைகாசியிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை மில் ஆபீஸிலிருந்து வெல்ஃபேர் சார் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், பாத்தியில் பாதியாவது பச்சை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாத்தி அடுத்த ஆளுக்குப் போய்விடும். பங்குனி, சித்திரை வெயிலைத் தாண்டி ஒரு செடியைப் பச்சையாக வைத்திருக்கிறவளுக்குத்தான் மண் என்று அந்தக் காலத்து மானேஜர் யாரோ முடிவு கட்டியிருக்கிறார். அவர் வீட்டில் யார் தண்ணீர் சுமந்தார்கள் என்று தெரியவில்லை.

அந்தப் பத்துக்கு ஆறு எனக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் குழம்பில் புளி கூடவா குறையவா என்பது எங்கள் வீட்டுக்காரர் சொல்வது, மகன் எங்கே படிக்கவேண்டும் என்பது அவர் அண்ணன் சொல்வது, எந்தக் கோயிலுக்கு எந்தச் சேலை என்பதுகூட என் நாத்தனார் சொல்வது. இந்த வரிசையில் வெண்டையா கத்திரியா என்று உலகம்மாளாகிய நான் ஒருத்தி மட்டும் முடிவு செய்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான். அது போய்விட்டால் எனக்கு நிற்க இடம் கிடையாது.

எல்லாப் பாத்தியிலும் ஒரு குச்சி நட்டு, அதன்மேல் சுண்ணாம்பு அடித்துக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய மண்சட்டியைக் கவிழ்த்திருப்போம். கண் படாமல் இருக்கத்தான். அன்னபுஷ்பம் மட்டும் வைக்கவில்லை. “ஏட்டி, ஊர்க் கண்ணெல்லாம் ஒரே மாதிரி இருக்குமா? ஒரு சட்டியக் கவுத்துத் தொலையேன்” என்று நானே சொல்லியிருக்கிறேன். “நாங்க அதெல்லாம் வைக்கமாட்டோம்க்கா. பாக்கிறவுக பாத்துட்டுப் போறாவ” என்று சிரித்தாள். அவள் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், அதனால் வைக்கவில்லை. சிரித்தது எதற்கு என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் புடலங்காய்க்காக இல்லை. அவள் வீட்டுக்காரன் தங்கராசு, பஞ்சை உடைத்துப் பிரிக்கிற புளோரூமில் வேலை. மூன்றரை மணிக்கு ஷிப்டு முடிந்து, தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பாத்திக்கு வருவான். வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, அவளைப் பார்த்து, “எந்தச் செடிக்கு ஊத்தணும்?” என்று கேட்பான். அவள் கைகாட்டுவாள். அவன் ஊற்றுவான். அவ்வளவுதான். தினமும் இதேதான். நான் பக்கத்துப் பாத்தியில் குனிந்து களை பிடுங்குகிற மாதிரி இருந்துகொண்டு, அந்தக் கேள்வியைக் காதில் வாங்குவேன். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எங்கள் வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட கேள்விகளை எண்ணினால் ஒரு கை விரல் போதும், அதில் பாதி “என் சட்டை எங்க?” என்பது.

புடலங்காய் நீண்ட விஷயம் மத்தியானத்துக்குள் பரவிவிட்டது. ஒன்பதாம் பாத்திக் கோமு மைனி வந்து, என்னை நிற்கவைத்து, “எங்க, இன்னொருக்கப் பாரு” என்றாள். பார்த்தேன். புஷ்பத்தின் வெண்டையில் பூ விட்ட இடத்தில் பிஞ்சு வந்து, பிஞ்சு இருந்த இடத்தில் காய் வந்து நின்றது. கோமு மைனி தாடையில் கைவைத்தாள். பிறகு நேரே தன் பாத்திக்குப் போய், குச்சியோடு சட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “என் மகளுக்கு இந்தத் தடவ கிளாஸ்ல ரெண்டாவது ரேங்கு, தெரியும்லா?” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். என் மகன் அந்த வருஷம் கணக்கில் தோற்றிருந்தான். மைனியின் கத்திரிச் செடி ஐந்தும் ஒரே நேரத்தில் பூத்தன.

சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பாத்தியிலும் சட்டிகள் இறங்கிவிட்டன. இத்தனை வருஷமும் நாம் காய்ப்பைத்தான் விரட்டிக்கொண்டிருந்தோமா என்று ஆளுக்கு ஆள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பம்ப் ரூம் பக்கத்தில் கரும்புள்ளி செம்புள்ளிச் சட்டிகள் குவிந்து கிடந்தன, அதில் சிலதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துப் போனார்கள், மிச்சத்தை மழை பெய்தபோது தவளைகள் எடுத்துக்கொண்டன. என் சட்டியையும் நான் இறக்கினேன். ஆனால் என் பாத்தியைப் பார்க்க யாரும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு பங்குனி முழுக்க எனக்கு நடந்த மரியாதை எங்கள் வம்சத்தில் யாருக்கும் நடந்ததில்லை. வாய்க்கால் பாசனத்தில் முறைத்தண்ணீர் என்று இருக்குமே, அதேபோல எனக்கு முறை வைத்தார்கள். இன்ன கிழமை இன்ன பாத்தி என்று ஸ்பின்னிங் மேஸ்திரி ஆவுடையப்பன் அண்ணாச்சி பம்ப் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதிப்போட்டார். போகிற பாத்தியில் எனக்கு ஒரு முக்காலி, தலைக்குமேல் குடை, கையில் சுக்குக் காப்பி. அந்த வீட்டுக்காரி குளித்து, பெட்டியிலிருந்து எடுத்த சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்று, தன் வாழ்க்கையில் நல்லது என்று இருக்கிற எல்லாவற்றையும் எனக்கு எடுத்துச் சொல்வாள். மகள் மாசமாக இருப்பதைச் சொல்வாள், மாமியார் ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகியும் திரும்பாததைச் சொல்வாள், புது மிக்ஸியை வயரோடு தூக்கிவந்து காட்டுவாள். ஆவுடையப்பன் அண்ணாச்சி தம் பாத்தி முறையன்று பல்லைக் காட்டி, “முப்பத்திரண்டும் இருக்கு தாயி, ஒண்ணுகூட ஆடல” என்றார். எனக்குக் கடைவாயில் இரண்டு போய்விட்டது. அவர் தக்காளி குலை குலையாகத் தள்ளியது.

வேறு ஆட்களையும் வைத்துப் பார்க்காமல் இல்லை. பதினாறாம் பாத்திக்காரி தன் ஓரகத்தியையே கூட்டிவந்து காட்டினாள், அவள் பார்த்ததில் இரண்டு மிளகாய் தேறியது, அவ்வளவுதான். போலியாகப் பெருமூச்சு விட்டவர்கள் பார்வையில் ஒரு இலைகூட அசையவில்லை. செடிக்கு எது நிஜம் என்று தெரிந்திருந்தது. என் கண்தான் கண் என்று குவார்ட்டர்ஸே ஒப்புக்கொண்டது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெருமை வந்ததும் சிக்கலும் வந்தது. முக்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துத் தாயே என்று கூப்பிடுகிறவர்களைப் பார்த்து எத்தனை நாள் எரிய முடியும்? சித்திரை பிறந்தபோது என் பார்வை நீர்த்துவிட்டது. ஆளுக்கு நாலு காய் என்று இறங்கியது. இவளுக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டு குடையை மடக்கினார்கள், காப்பியில் சுக்கைக் குறைத்தார்கள், அந்த அவமானத்தில் மறுபடியும் கொஞ்சம் எரிந்தது, காய்ப்பு ஏறியது. அதைக் கண்டுகொண்டு, ஒரு வாரம் காப்பி ஒரு வாரம் ஏச்சு என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஜனம் எதையும் ஒரு ஷிப்டுக்குள் கொண்டுவந்துவிடும்.

நீர்க்காத பார்வை ஒன்றுதான். பன்னிரண்டாம் பாத்திக்கு முறையும் வேண்டாம், முக்காலியும் வேண்டாம். மூன்றரை மணிக்குத் தங்கராசு வந்து, “எந்தச் செடிக்கு ஊத்தணும்?” என்று கேட்டதும், வரப்பில் இருந்த கனகாம்பரம் செடியே தெரியாதபடி பூக்கும். பிச்சிக்கொடி பந்தலைத் தாண்டி என் பக்கம் எட்டிப் பார்க்கும். புஷ்பம் மடி நிறையப் பறித்து, வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு பந்து கட்டிக் கொண்டுவருவாள். “உங்க கண்ணு குடுத்ததுக்கா” என்பாள். அதைத் தலையில் வைத்துக்கொள்வேன். வைத்துக்கொண்டு எரிவேன்.

என் பாத்தியோ காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரையும்போல நானும் காலையில் பத்து வாளி, மாலையில் பத்து வாளி சுமந்தேன், வேரில் சூடு இறங்காமல் இருக்க மில்லில் கழித்துப்போட்ட பஞ்சைக் கொண்டுவந்து செடிக்குச் செடி பரப்பினேன். ஆனால் அந்த வருஷம் மண்ணுக்கு வேறு பழக்கம் வந்துவிட்டது. கண் பட்ட பாத்தி காய்த்தது, கண் படாத பாத்தி வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. எனக்கு நானே பொறாமைப்படவும் வழியில்லை. வரப்பில் உட்கார்ந்து என் வெண்டையை முறைத்து முறைத்துப் பார்த்துக் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

வெட்கத்தை விட்டுக் கோமு மைனியிடம் கேட்டேன். “மைனி, என் பாத்தியையும் ஒரு பார்வ பாருங்க.”

மைனி வந்தாள். இடுப்பில் கைவைத்து நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். மனசார முயற்சி செய்தாள் என்றுதான் சொல்லவேண்டும், நெற்றி சுருங்கி வேர்த்துவிட்டது. கடைசியில், “கோவிச்சுக்கிடாத உலகு. உன்னயப் பாத்து என்னத்தன்னு பொறாமப்பட?” என்றாள்.

மறுநாள் கல்யாணப் பட்டைக் கட்டி, இருக்கிற ஒரே சங்கிலியை வெளியே எடுத்துவிட்டு, சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றினேன். பட்டு வேர்வையில் ஊறி முதுகோடு ஒட்டியது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துச் சிரித்தார்கள். யார் கண்ணில் என்ன பட்டதோ, ஒரு தக்காளிச் செடி மட்டும் ஒரு இலை விட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. வைகாசி முதல் ஞாயிறுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அந்த வாரத்தில்தான் தங்கராசு இருமி விழுந்தான். புளோரூமில் மூன்று மாதமாகவே இருமிக்கொண்டிருந்தானாம். நெஞ்சு முழுக்கப் பஞ்சு அடைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதாக வந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். புஷ்பம் காலையில் போய் இருட்டும்போது வந்தாள். குவார்ட்டர்ஸ் பெண்கள் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினார்கள், அவள் பாத்திக்கு ஆளுக்கு இரண்டு வாளி ஊற்றினார்கள், ஊற்றிக்கொண்டே, “பாவம், சின்ன வயசு” என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போது நிஜமாகவே நெஞ்சு கனத்தது.

மூன்றாம் நாள் புடலைக்கொடி வாடியது. பிச்சி உதிர்ந்தது. வெண்டை இலையெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டது. எத்தனை வாளி ஊற்றியும் நிற்கவில்லை. எங்கள் எல்லோருடைய பரிதாபமும் உப்புத் தண்ணீர் மாதிரி அந்தப் பாத்தியில் இறங்கிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் புஷ்பம் என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

“யக்கா, நீங்களுமா?”

“என்னட்டி?”

“நீங்களும் என்னயப் பாவம்னு பாக்கிய. வேண்டாம்க்கா. ஊரே பாவம்னு பாக்கு. முதுகத் தடவிக் குடுக்காவ. அவுக மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே, போயிட்ட மாதிரி பேசுதாவ. நீங்க ஒருத்திதான் என்னய வயிறெரிஞ்சு பாத்திய. அந்தப் பார்வையப் பாக்கும்போதுல்லாம், சரி, நமக்கு ஏதோ பெருசா இருக்குன்னு இருக்கும்.” மூக்கைச் சேலையில் துடைத்தாள். “அவுக அந்தப் பாத்தியத்தான் கேக்காவ. புடல எப்படி இருக்கு, கல்லு தரையத் தொட்டுட்டான்னு. நான் தொட்டுட்டுன்னு பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். பழையபடி பாருங்கக்கா.”

“அதெல்லாம் நெனச்சா வருமாட்டி?” என்றேன். எனக்குக் கோபம் வந்தது. பொறாமைப்பட்டதற்கு ஒருத்தி வந்து நன்றி சொல்கிறாள், அதைத் திரும்பவும் கேட்கிறாள், இதை நான் எங்கே கொண்டுபோய் வைக்க? சாயங்காலம் பன்னிரண்டாம் பாத்தி வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றரை மணிச் சங்கு ஊதியது. யாரும் வரவில்லை. என்னால் அழத்தான் முடிந்தது, அதில் இருந்த நாலு பச்சை இலையும் வாடிவிடுமோ என்று பயந்து எழுந்து வந்துவிட்டேன்.

வைகாசி முதல் ஞாயிறு வந்தது. முந்தின நாள் கோடை மழை ஒரு தூறல் போட்டு, புழுதி வாசனையைக் கிளப்பிவிட்டுப் போயிருந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்து கிடந்தன. மற்ற இருபத்திரண்டும் பச்சை. வெல்ஃபேர் சார் குடையும் நோட்டுமாக இருபத்துநாலாம் பாத்தியிலிருந்து இறங்குவரிசையில் வந்தார், பின்னால் குவார்ட்டர்ஸே வந்தது, காத்திருக்கும் வரிசையில் முதல் இரண்டு பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். புஷ்பம் தன் பாத்தி ஓரத்தில் நின்றாள். நான் என் பாத்தி ஓரத்தில் நின்றேன்.

அவர் பதினாலாம் பாத்தியில் நிற்கும்போது கிட்டங்கிப் பக்கத்திலிருந்து தங்கராசு வந்தான். முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி, மறுபடி நடந்து வந்தான். சட்டைக்குள் ஆளே இல்லை. “ஏன் வந்திய? ஏன் எந்திரிச்சிய?” என்று புஷ்பம் ஓடினாள். அவன் வரப்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். ஒரு வாளியைத் தூக்கப் பார்த்து, முடியாமல், அதற்குள் கிடந்த செம்பில் தண்ணீரை மொண்டான். பாதித் தண்ணீர் மடியில் சிந்தியது. காய்ந்த கொடியைப் பார்த்தான், தரையைத் தொடாமல் தொங்கும் கல்லைப் பார்த்தான், அவள் சொன்ன பொய்யைத் தெரிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்து, “எந்தச் செடிக்கு ஊத்தணும்?” என்று கேட்டான்.

அவள் கைகாட்டினாள்.

என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். சாகக் கிடந்து எழுந்து வந்தவனைப் பார்த்து, இத்தனை நாள் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவளைப் பார்த்து, என் வயிறு எரிந்தது. பங்குனியில் எரிந்ததைவிட நூறு மடங்கு எரிந்தது. கடைசி மூச்சிலும் ஒருத்தன் இதைத்தான் கேட்பான் என்றால், இவள் என்ன கொடுத்துவைத்தவள்! பன்னிரண்டாம் பாத்தியில் கொடி நிமிர்ந்தது. காம்புகளில் பச்சை ஏறியது. புடலங்காய் ஒன்று கீழே இறங்கி இறங்கி, கூழாங்கல் மண்ணைத் தொட்டுச் சாய்ந்தது. தங்கராசு அதைப் பார்த்துச் சிரித்தான், சிரிப்பு இருமலாகியது. வெல்ஃபேர் சார் வந்து, குனிந்து பார்த்து, “பாதிக்கு மேல இருக்கு” என்று நோட்டில் எழுதினார். புஷ்பம் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு அவர் என் பாத்திக்கு வந்தார். பார்க்க என்ன இருக்கிறது? வெண்டைக் குச்சிகள், வெள்ளையாகப் பஞ்சு, ஒரு தக்காளி இலை. பேனாவைத் திறந்தார். காத்திருந்தவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டுப் பின்வாசலில் எங்கள் வீட்டுக்காரர் வந்து நின்றார். மூன்றாம் ஷிப்டு முடிந்து தூங்கி எழுந்த வேட்டி, தொப்பை, கலைந்த தலை. இருபத்தைந்து வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை.

“ஏளா! சோறு வடிச்சாச்சா இல்லியா? எவ்வளவு நேரமாக் கத்துதேன், காதுல விழலியா? மனுசன் பட்டினி கெடக்கணுமோ?”

அத்தனையும் ஒரே மூச்சில். நடுவில் ஒரு இருமல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. சத்தம் பாத்திகளைத் தாண்டிப் போய்ப் பம்ப் ரூம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. குவார்ட்டர்ஸே கேட்டது. எனக்கு மானம் போய்விட்டது, பாத்தி போவதற்கு முன்னால் இதுவும் வேண்டுமா என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

திறந்தபோது புஷ்பம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் சாய்ந்து மூச்சுக்கு அலைகிற தங்கராசுவைத் தாங்கிப் பிடித்தபடியே, எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக அதுதானே எனக்கு வேலை.

என் முதுகுக்குப் பின்னால் வெண்டைக் குச்சிகள் சலசலத்தன. கூட்டத்தில் யாரோ, “ஏ, பூக்கு, பூக்கு!” என்றார்கள். தக்காளி வாசனை வந்தது, கணுக்காலில் இலை உரசியது. வெல்ஃபேர் சார் பேனாவை நிறுத்தி, குடையைச் சாய்த்து, பொறுமையாகக் காத்திருந்தார்.

இவள் இப்படியே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிய மறுநிமிஷம், தங்கராசு இப்படியே மூச்சுக்கு அலையவேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறேன் என்பது தெரிந்தது. அவள் கண்ணை மறைத்துக் குறுக்கே நிற்க ஒரு எட்டுப் போதும். நான் அந்த ஓர் எட்டு எடுத்துவைக்கவில்லை. காய் முற்றுகிறவரை நின்றேன், அவர் எழுதி முடிக்கிறவரை நின்றேன். பிறகு, “இந்தா வாரேன்” என்று அவருக்குக் குரல் கொடுத்துவிட்டு, புஷ்பத்தைத் திரும்பிப் பார்க்காமல் சோறு வடிக்கப் போனேன்.